ஒன்பதாவது பாட்டு எங்க சார்?

கிளாசிக் கன்ட்ரி ரேடியோவுல பாட்டு செலக்ட் பண்ற டீமுக்கு வணக்கம்.

அமெரிக்க கன்ட்ரி பாடகர் ராண்டி டிராவிஸோட ‘ஸ்டார்ம்ஸ் ஆஃப் லைஃப்’ ஆல்பத்தை முழுசா போடப்போறோம்னு வாரம் பூரா விளம்பரம் பண்ணீங்க, நானும் நம்பி உக்காந்து கேட்டேன், எட்டாவது பாட்டு முடிஞ்சுது, ஒரு கார் லோன் விளம்பரம் வந்துச்சு, அப்புறம் நேரா பத்தாவது பாட்டு. ஒன்பதாவது பாட்டு ‘ரீசன்ஸ் ஐ சீட்’, அதாவது ‘நான் துரோகம் பண்றதுக்கான காரணங்கள்’, காணோம். மொத்தமே பத்து பாட்டுதான் சார், அதுல ஒண்ண முழுங்கிட்டு முழு ஆல்பம்னா எப்படி?

தலைப்பு ஒரு மாதிரி இருக்குன்னு விட்டீங்களோ என்னவோ. ஆனா முதல் பாட்டு ‘ஆன் தி அதர் ஹாண்ட்’ மட்டும் என்ன, இன்னொருத்தி கிட்ட மனசு போயிட்ட ஒருத்தன் கையில இருக்கிற கல்யாண மோதிரத்த நினைச்சு திரும்பி வர்ற கதைதானே. ‘ரீசன்ஸ் ஐ சீட்’ திரும்பி வராதவனோட கதை. வேலை அலுப்பு, ஏறுற வயசு, கைவிட்டுப் போன கனவுன்னு ஒவ்வொரு காரணமா எடுத்து வெக்கிறான், எதுவுமே அவன் செஞ்சதுக்கு நியாயம் ஆகலைன்னு கேக்குற நமக்கும் தெரியுது, அவனுக்கும் தெரியுது, அதுதான் வலிக்குது. ஆல்பம் வந்த 1986ல டிராவிஸுக்கு 27 வயசு. அந்த வயசுல இப்படி ஒரு தேஞ்சு போன குரல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

இன்னொண்ணு, இது அவரே எழுதின பாட்டு. ஹிட் ஆன நாலும் மத்தவங்க எழுதினது, அதையெல்லாம் தினமும் போடுறீங்க. 2013ல வந்த ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் அந்த மனுஷனுக்குப் பேச்சே சரியா வரல. அவர் கைப்பட எழுதி அவர் குரல்லயே பாடி வெச்சிருக்கிறதுதான் உங்க கண்ணுக்குத் தப்பிப் போச்சு, நல்லா இருக்கு சார்.

ஹிட் ஆகலையேன்னு சொல்லாதீங்க. ‘ஆன் தி அதர் ஹாண்ட்’ 1985ல முதல்ல வந்தப்ப கன்ட்ரி ஹிட் வரிசையில 67வது இடத்தோட படுத்துருச்சு, ‘1982’ங்கிற அவரோட அடுத்த பாட்டு ஓடினதுக்கப்புறம் மறுபடி விட்டாங்க, நம்பர் ஒன். இவர் பாட்டு ரொம்ப கன்ட்ரியா இருக்குன்னுதானே கன்ட்ரி இசைக் கம்பெனிங்க இருக்கிற நாஷ்வில்ல முதல்ல எல்லாரும் கதவை சாத்தினாங்க, அந்த ஆல்பம்தான் 30 லட்சத்துக்கு மேல வித்துச்சு. போட்டாத்தானே சார் ஜனங்க கேப்பாங்க?

பொதுவாவே கிளாசிக் கன்ட்ரின்னு பேரு வெச்சுக்கிட்டு அரைச்ச மாவையேதான் அரைக்கிறீங்க. பியர், பிக்கப் டிரக், மறுபடி பியர். சோகமா மெதுவா ஒரு பாட்டு வந்தா நேயர் ஸ்டேஷன் மாத்திருவாருன்னு பயம் போல, நாங்க அவ்வளவு பலவீனமானவங்க இல்ல. கார் லோன் விளம்பரத்தையே பொறுமையா கேக்குற ஆளுங்க சார் நாங்க.

சரி, கோவத்துல எங்கயோ போயிட்டேன், மன்னிக்கணும். கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். வர்ற ஞாயித்துக்கிழமை அந்த ஒன்பதாவது பாட்டைப் போடுங்க, நடுவுல கட் பண்ணாம, எழுதினது யாருன்னு ஒரு வரி சொல்லிட்டுப் போடுங்க. தயவுசெஞ்சு.

இப்படிக்கு,
உங்க ஞாயித்துக்கிழமை நேயர்