வாய்ப்புண்ணுக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி

மருந்துக்கடைகளில் பணிபுரியும் மருந்தாளுநர்களுக்கு வணக்கம்.

போன வருடம் என் அப்பாவுக்கு லிம்போமா புற்றுநோய்க்காகக் கீமோ நடந்துகொண்டிருந்தது. மூன்றாவது சுற்று முடிந்த வாரம் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தார். ரசம் சாதம் எரிகிறது என்றார். உப்பு மட்டும் போட்டுக் கஞ்சி கொடுத்தால், "மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கு" என்று தம்ளரைத் தள்ளினார். நம் வீடுகளில் வாய்ப்புண்ணுக்குத் தெரிந்த வைத்தியம் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும்தானே. அதைச் செய்தேன். அப்புறம் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் "வாய்ப்புண்ணுக்கு மாத்திரை" என்று கேட்டேன். பி காம்ப்ளெக்ஸ் ஓர் அட்டை கொடுத்தார்கள். யாருக்கு என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து நாள் போயிற்று.

அடுத்த சுற்றுக்குப் போனபோது ஒரு செவிலியர்தான் டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொன்னார். பல் செட்டைக் கழற்றியதும் தெரிந்தது: மேலண்ணத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் பால் திரிந்தாற்போல் வெள்ளைத் திட்டுகள். ஈரப் பஞ்சால் மெல்லத் துடைத்தார். வெள்ளை கையோடு வந்துவிட்டது, அடியில் செக்கச்செவேலென்று புண். கேண்டிடா என்கிற பூஞ்சை. நல்ல உடம்புக்காரர்கள் பலரின் வாயிலும் சும்மா இருப்பதுதான், எதிர்ப்புசக்தி விழுந்ததும் கிளம்பிவிடுகிறது. இதற்கு பி காம்ப்ளெக்ஸ் எத்தனை அட்டை தின்றாலும் பலனில்லை.

விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. பூஞ்சை உணவுக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. வாயோடு நின்றிருந்தால் ஏழிலிருந்து 14 நாள் ஃப்ளூகோனசோல் என்கிற பூஞ்சை மாத்திரை போதும், லேசாக இருந்தால் க்ளோட்ரிமசோல் தடவியோ நிஸ்டாடின் கொப்பளித்தோ சமாளிக்கலாம். உள்ளே இறங்கியபின் தடவுகிற மருந்து எட்டாது, 14 முதல் 21 நாள் மாத்திரைதான். அதோடு அப்பாவின் சர்க்கரை மாத்திரை க்ளிமிபிரைடின் அளவையும் குறைத்தார். ஃப்ளூகோனசோல் அதை உடம்பில் தங்கவைத்துச் சர்க்கரையைச் சட்டென இறக்கிவிடுமாம்.

அந்தப் பத்து நாளைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். டாக்டரைவிட முன்னால் எங்களைப் பார்ப்பவர்கள் நீங்கள். வாய்ப்புண் என்று யார் வந்தாலும், "யாருக்கு? வேறு என்ன மருந்து ஓடுகிறது?" என்று கேளுங்கள். கீமோ, ஸ்டீராய்டு, மாற்று உறுப்புக்கான மருந்து, கட்டுப்படாத சர்க்கரை, இதில் ஒன்று பதிலாக வந்தால் பி காம்ப்ளெக்ஸை எடுக்காதீர்கள், டாக்டரிடம் அனுப்புங்கள். ஃப்ளூகோனசோல் 150 ஒற்றை மாத்திரையைக் கொடுத்து அனுப்புவதும் வேண்டாம். அந்த ஒற்றை மாத்திரைக் கணக்கு பெண்களுக்கு வரும் பிறப்புறுப்புத் தொற்றுக்கு உரியது. வாய்க்கு அது அரைகுறை வைத்தியம்.

சீட்டோடு வருகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை வேண்டியிருக்கிறது. நிஸ்டாடினைச் சிரப் மாதிரி மடக்கென்று குடிக்கிறார்கள். வாயெல்லாம் சுழற்றி, முடிந்தவரை நேரம் வைத்திருந்து அப்புறம் விழுங்க வேண்டும் என்று சொல்லுங்கள். குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷும் சேர்த்து வாங்கினால், இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரமாவது விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடும். பல் செட்டை ராத்திரி கழற்றிச் சுத்தம் செய்து ஊறவைக்க வேண்டும். நாங்கள் அதைச் செய்யவே இல்லை. ஸ்டீராய்டு இன்ஹேலர் வாங்குகிறவர்களுக்கு, இழுத்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. கீமோவும் இல்லை, சர்க்கரையும் இல்லை, நல்ல வயதில் இருக்கிற ஒருவருக்கு வாயில் இப்படி வெள்ளை படிந்தால், அது எச்.ஐ.வி.யின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். அப்படியிருந்தால் பூஞ்சை மாத்திரை மட்டும் போதாது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்துகளைத் தொடங்கி எதிர்ப்புசக்தி ஏறினால்தான் திரும்பத் திரும்ப வருவது நிற்கும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. இதைக் கவுன்ட்டரில் நான்கு பேர் நிற்கும்போது சொல்லாதீர்கள். கூட்டம் குறையட்டும், ஓரமாக அழைத்து, மெதுவாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடை வாசலில் நின்ற ஒரு மகள்