டாக்கா இறுதியாட்டம்: தோழிக்கு ஒரு கடிதம்

திருச்சி,
15 பிப்ரவரி 2024

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. மாணவிகளுக்குச் சொல்லிக் கொடுத்த காலத்திலேயே நீ உன் உடம்பைப் பார்த்துக்கொண்டதில்லை. இங்கே நாங்கள் நலம். பணி ஓய்வுக்குப் பிறகும் காலையில் மைதானத்துப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை.

உன் பேத்தி பள்ளிக் கால்பந்து அணியில் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். எவ்வளவு மகிழ்ச்சி! அதற்கு அடுத்த வரியில், "டாக்காவில் இரண்டு அணிக்கும் கோப்பையைக் கொடுத்துவிட்டார்களாமே, யாருக்கும் மனக்குறை இல்லாமல் முடிந்தது" என்றும் எழுதியிருக்கிறாய். எனக்கு மனக்குறை இருக்கிறது, தோழி. ஒரு வாரமாக ஆறவில்லை. உன்னைத் தவிர யாரிடம் சொல்வது?

தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்தும் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் சாம்பியன்ஷிப் அது. இந்த முறை பங்களாதேஷ், இந்தியா, நேபாளம், பூட்டான் என்று நான்கே அணிகள். ஆட்டங்கள் எல்லாம் டாக்காவில், கமலாபூர் ரயில் நிலையத்தை அடுத்த செயற்கைப் புல் மைதானத்தில் நடந்தன. நம் பெண்கள் பூட்டானுக்கு எதிராகப் பத்து கோல் போட்டார்கள், நேபாளத்தை 4-0 என்று வென்றார்கள். ஆனால் லீக் ஆட்டத்தில் பங்களாதேஷிடம் கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றார்கள். அந்த கோலைப் போட்டவள் சாகரிகா. வடக்கே தாகுர்காவ் மாவட்டத்தின் ராணிசங்கைல் பகுதியிலிருந்து வந்தவள், தேநீர்க் கடைக்காரரின் மகள். பெண் பிள்ளை அரைக்கால் சட்டை போட்டு ஆடுவதா என்ற பேச்சையெல்லாம் தாண்டி வந்தவள். அந்தப் பேச்சு உனக்கும் எனக்கும் புதிதா என்ன?

பிப்ரவரி 8 அன்று இறுதியாட்டம். எட்டாவது நிமிடத்திலேயே நம் ஷிபானி தேவி கோல் போட்டுவிட்டாள். அதன் பிறகு முழு ஆட்டமும் பங்களாதேஷ் முட்டி மோதியது, நம் தடுப்பு வரிசை அசையவில்லை. 90 நிமிடம் முடிந்து, வீணான நேரத்துக்காக நடுவர் சேர்த்த நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தபோது மறுபடியும் அதே சாகரிகா. 1-1. அரங்கம் அதிர்ந்தது. நம் அணியின் வெற்றி கைநழுவுகிறது என்று தெரிந்தும், அந்தப் பெண் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நான் கைதட்டினேன்.

பிறகு பெனால்டி: இரு அணியிலும் மாறி மாறி ஒவ்வொருத்தியாக வந்து, கோல்கீப்பரை மட்டும் எதிரில் வைத்து உதைப்பது. அதைத்தான் நீ பார்த்திருக்க வேண்டும். வழக்கமாக இந்த வயதில் மூன்றாவது, நான்காவது உதையிலேயே ஒருத்தி தடுமாறுவாள். கால் நடுங்கும், பந்து கம்பத்துக்கு மேலே போகும். நாம் எத்தனை பிள்ளைகளைத் தோளில் சாய்த்துத் தேற்றியிருக்கிறோம்! அன்று ஒருத்திகூடத் தவறவிடவில்லை. ஐந்து உதை முடிந்தது, சமம். ஆறு, ஏழு, எட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கோல்கீப்பர்களே வந்து உதைத்தார்கள், இருவருமே கோல் போட்டார்கள். 11-11. மொத்தம் 22 உதை, 22 கோல். எல்லாரும் 19 வயதைத் தாண்டாத பெண்கள். அதில் பாதிப் பேர் எதிரணியின் ஊரில், எதிரணிக்காகக் கத்தும் கூட்டத்துக்கு நடுவே உதைத்தவர்கள்.

இதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று உனக்குத் தெரியும், உன் பேத்திக்கும் தெரிந்திருக்கும். முதலிலிருந்து மறுபடியும் உதைக்க வேண்டும். விரும்பினால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். யாராவது தவறும்வரை போக வேண்டியதுதான். விதிப்புத்தகத்தின் பத்தாவது விதியில் இது இருக்கிறது. நடுவரும் ஆட்டத்தைத் தொடரத்தான் ஆயத்தமானார். அப்போது ஆட்டத்தை மேற்பார்வையிட வந்த அதிகாரியான ஆட்ட ஆணையர் குறுக்கிட்டு, டாஸ் போட்டு முடிவு செய்யச் சொன்னார். இரண்டு கேப்டன்களையும் அழைத்துக் காசைச் சுண்டினார்கள். இந்தியாவுக்கு விழுந்தது. நம் பிள்ளைகள் துள்ளிக் குதித்துக் கொண்டாடத் தொடங்கினார்கள். வென்றீர்கள் என்று அதிகாரிகள் சொன்னால் பிள்ளைகள் கொண்டாடத்தானே செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பங்களாதேஷ் பெண்கள் மைதானத்தை விட்டு நகர மறுத்தார்கள். அவர்களையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பார்வையாளர்கள் பாட்டில்களை வீசியது கேவலம். ஆணையர் தம் முடிவைத் திரும்பப் பெற்று உதைகளைத் தொடரலாம் என்றபோது நம் அணி மைதானத்தை விட்டுப் போயிருந்தது. வெகு நேரம் பேச்சு நடந்து, இருவரும் கூட்டுச் சாம்பியன் என்று அறிவித்தார்கள்.

அந்த இரவில் அதைவிட நியாயமான முடிவு எடுத்திருக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். என் ஆற்றாமை அதற்கு முந்தைய நிமிடத்தைப் பற்றியது. 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி நினைவிருக்கிறதா? நேப்பிள்ஸ் நகரில் இத்தாலியும் சோவியத் யூனியனும் கோலின்றிச் சமனாகி, காசு சுண்டி இத்தாலி இறுதிக்குப் போனது. இது விளையாட்டே இல்லை என்று உலகம் உணர்ந்ததால்தான் 1970-இல் பெனால்டி முறையை விதியில் சேர்த்தார்கள். அதற்கு 54 ஆண்டுகள் கழித்து, ஒரு சர்வதேச இறுதியாட்டத்தில், விதி தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் இருந்தவருக்கு விதி தெரியவில்லை. ஆண்கள் அணிகளின் இறுதியாட்டமாக இருந்தால் இவ்வளவு அலட்சியமாக ஆள் அனுப்பியிருப்பார்களா என்ற கேள்வி என்னைக் குடைகிறது. பயிற்சியாளரிலிருந்து பந்து பொறுக்கிப் போடும் சிறுமிவரை எல்லாரும் தயாராக வந்திருந்தார்கள்.

இந்தப் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்த்தால் என் கோபம் இன்னும் புரியும். பங்களாதேஷில் 2011-இல் தொடக்கப் பள்ளிச் சிறுமிகளுக்கென்று நாடு முழுவதும் ஒரு கால்பந்துப் போட்டி தொடங்கினார்கள். மைமன்சிங் மாவட்டத்தில், மேகாலயா எல்லைக்கு அருகே கல்சிந்தூர் என்று ஒரு கிராமம். அந்த ஊர்த் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 2013 முதல் தொடர்ந்து மூன்று முறை அந்தக் கோப்பையை வென்றார்கள். அவர்கள் வென்ற பிறகுதான் அந்த ஊருக்கு மின்சாரமே வந்தது. மரியா மாந்தா, சஞ்சிதா அக்தர், தஹுரா காதுன் எல்லாரும் அந்தப் பள்ளியில் ஆடத் தொடங்கியவர்கள். 2022-இல் காத்மாண்டுவில் நேபாளத்தை 3-1 என்று வென்று, பங்களாதேஷ் பெண்கள் முதன்முறையாகத் தெற்காசியக் கோப்பையை எடுத்துப் போனார்களே, அந்த அணியின் தூண்கள் இவர்கள். டாக்கா தெருக்களில் மேற்கூரை இல்லாத பஸ்ஸில் ஊர்வலம் போனார்கள். அந்த மூத்த அணி இந்த வயதுப் பிரிவுப் போட்டிகளில்தான் விளைந்தது. 2021 டிசம்பரில் இதே கமலாபூரில், இதே 19 வயதுப் பிரிவு இறுதியாட்டத்தில், ககராசாரி மலைப் பகுதியைச் சேர்ந்த ஆனை மோகினி போட்ட ஒரே கோலில் நம்மை வென்றார்கள்.

நம் பக்கமும் அப்படித்தான். கேப்டன் நீது லிண்டா ஜார்க்கண்டில் ராஞ்சிக்கு அருகேயுள்ள ஒரு கிராமத்துப் பெண். கோல் போட்ட ஷிபானியும், கோல்கீப்பர் அனிகா தேவியும் மணிப்பூர்ப் பிள்ளைகள். கடந்த மே மாதத்திலிருந்து அந்த மாநிலம் எப்படி எரிகிறது என்று தினமும் செய்தியில் பார்க்கிறோம். ஊர் அந்த நிலையில் இருக்கும்போது, அயல் மண்ணில் நின்று ஒரு கோல்கீப்பர் தன் பெனால்டியைப் பதறாமல் வலைக்குள் தள்ளியிருக்கிறாள். தேசிய சீனியர் கோப்பையை இருபது முறைக்கு மேல் வென்ற மாநிலம் அது. 2018-இல் கட்டாக்கில் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் அவர்களை 2-1 என்று வென்றபோது உங்கள் கடலூர் இந்துமதியின் ஆட்டத்தைப் பற்றி நாம் தொலைபேசியில் எவ்வளவு நேரம் பேசினோம்! மணிப்பூரை வெல்வது என்ன பாடு என்று நமக்குத் தெரியும்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த 22 பேரும் இருபத்து மூன்றாவது உதைக்கு உரிமை பெற்றிருந்தார்கள். யாரோ ஒருத்தி தவறவிட்டு அழுதிருப்பாள். அழட்டும். அது ஆட்டத்தில் கிடைத்த தோல்வியாக இருந்திருக்கும், அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம். காசு தலைகீழாக விழுந்ததற்கு எந்தப் பயிற்சியில் போய் எதைத் திருத்துவது? வென்ற பெண்ணும் நாளை தன் பிள்ளையிடம் என்ன என்று சொல்வாள்?

அடுத்த மாதம் நேபாளத்தில் 16 வயதுக்குட்பட்டோர் போட்டி நடக்கிறது. உன் பேத்தியுடன் உட்கார்ந்து பார். முக்கியமாக, கோல்கீப்பர்கள் பந்தை எறியும் முறையைக் கவனிக்கச் சொல். அவள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று நீ எழுதவே இல்லை. இடது காலும் பழகுகிறதா? காலணி என்ன அளவு என்று அவளையே ஒரு வரி எழுதச் சொல். இங்கே எனக்குத் தெரிந்த கடையில் நல்லதாக வாங்கி அனுப்புகிறேன். விடுமுறையில் அவளை இங்கே கூட்டி வா. காலையில் மைதானத்துக்கு வரும் பெண்களோடு அவளும் ஆடட்டும், உனக்கு நிழலில் நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
உன் தோழி