கட்டியின் எல்லையை வரையக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவமனைகளுக்குப் புதிய கதிர்வீச்சு இயந்திரங்கள் வருவதை உங்கள் நாளிதழில் அவ்வப்போது படிக்கிறேன். மகிழ்ச்சிதான். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் கதிர்வீச்சு சிகிச்சைத் துறையில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அந்த இயந்திரங்களைப் பயன்படுத்தப்போகும் முதுநிலை மாணவர்களின் பயிற்சியைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். மூளைக்கட்டியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பயிற்சியில் குறை இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

பழைய கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரக் காலத்தில் மூளைக்கட்டி என்றால் பெரும்பாலும் தலையின் இரண்டு பக்கத்திலிருந்தும் அகலமாகக் கதிரைச் செலுத்துவோம். நல்ல மூளையும் சேர்ந்து அடிபடும், ஆனால் கட்டியின் ஓரம் விட்டுப்போவது அரிது. இப்போதைய லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கதிர்வீச்சு இயந்திரத்தில் கட்டியின் வடிவத்துக்கே கதிரை வளைத்துக் கொடுக்கலாம். எல்லையைத் தாண்டினால் கொஞ்ச தூரத்திலேயே கதிரின் அளவு சரிந்துவிடும். அந்த எல்லையை கம்ப்யூட்டர் திரையில் கோடாக வரைபவர் டாக்டர். அவர் விட்ட இடத்துக்குப் போதுமான கதிர் போகாது.

கிளியோபிளாஸ்டோமா என்ற தீவிரமான மூளைப் புற்றுக்கட்டிக்கு அறுவை முடிந்தபின் வழக்கமாக மொத்தம் 60 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு), தினம் ஒன்றாக 30 முறை, கூடவே டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாணவர்கள் இதைச் சொல்லிவிடுவார்கள். எந்த இடத்துக்குக் கொடுப்பது என்பதில்தான் திணறல். எம்.ஆர்.ஐ.யில் தெரியும் மிச்சக் கட்டி, கட்டியை எடுத்த குழி, அதற்கு வெளியே படத்தில் தெரியாமல் பரவியிருக்கும் செல்களுக்காக இன்னும் ஒன்றரை முதல் 2 செ.மீ., இவ்வளவையும் கோட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சாஃப்ட்வேரில் ஒரு பட்டனைத் தட்டினால் எல்லாப் பக்கமும் சமமாக விரித்துக் காட்டும். அந்தக் கோடு மண்டையோட்டு எலும்புக்குள்ளும் போகும், ஃபால்க்ஸ் என்ற நடுத்திரையைத் தாண்டி அடுத்த பாதி மூளைக்கும் போகும். இந்தக் கட்டி பொதுவாக அந்தத் திரையைத் துளைக்காது, எனவே அங்கே கோட்டை உள்ளே இழுக்க வேண்டும். ஆனால் இரண்டு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் வழியாகக் கட்டி சுலபமாக அந்தப் பக்கம் போய்விடும், அங்கே இழுக்கவே கூடாது. ஏன் இப்படி வரைந்தாய் என்று கேட்டால், "போன கேஸில் சார் அப்படித்தான் வரைந்திருந்தார்" என்ற பதிலைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். பார்த்து வரைந்தே பழகிய பிள்ளை வேறென்ன சொல்லும்?

குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டியில் மூளை முழுக்க, முதுகுத்தண்டு முழுக்கக் கதிர் கொடுக்கிறோம். கண் லென்ஸைக் காப்பாற்ற முயலும்போது, மூக்குக்கு மேலே இரு கண்களுக்கும் நடுவில் சல்லடை போல இருக்கும் எலும்பை ஒட்டிய பகுதி விட்டுப்போகும் ஆபத்து உண்டு. நோய் அங்கேயே திரும்பி வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். லென்ஸில் புரை விழுந்தால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். திரும்பி வந்த மெடுல்லோபிளாஸ்டோமாவை என்ன செய்வது?

எம்.டி. படிப்பு மூன்று ஆண்டு. அதற்குள் மார்பகம், கருப்பை வாய், வாய்ப்புற்று எல்லாம் பார்த்தாக வேண்டும், மூளைக்கு நேரம் குறைவுதான். இருந்தாலும் வாரத்தில் ஒரு மதியம் ஒதுக்கலாம். மாணவர் முதலில் தானே வரையட்டும். அப்புறம் பேராசிரியரின் கோட்டை அதன்மேல் வைத்து, இரண்டும் விலகும் இடத்தில் நின்று பேசுங்கள். எம்.ஆர்.ஐ. படிக்கும் ரேடியாலஜிஸ்ட் கூட உட்கார்ந்தால் இன்னும் நல்லது. செய்முறைத் தேர்வில் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து ஒரு மூளைக்கட்டியை வரையச் சொல்லி மதிப்பெண் போடுங்கள். தேர்வில் வருவதைத்தானே பிள்ளைகள் படிப்பார்கள்?

உறுப்புகளைத் தானே வரைந்து தரும் சாஃப்ட்வேரும் வந்துவிட்டது. நேரம் மிச்சம், வரவேற்கிறேன். ஆனால் பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்துக்கு 54, 55 கிரேக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறோம். சாஃப்ட்வேர் அந்த இடத்தைக் கொஞ்சம் தள்ளி வரைந்துவிட்டால் அந்தக் கணக்கே பொய்யாகிவிடும். தன் கையால் வரைந்து பழகியவருக்குத்தான் அந்தத் தவறு கண்ணில் படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாணவருக்கு, சிகிச்சையின்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் செய்யும் நாளில் ஒரு நோயாளியைத் தெரியும், சிகிச்சை முடியும்போது வேறு போஸ்டிங்குக்குப் போயிருப்பார். "தலைக்குக் கரண்ட் வைத்தால் ஞாபகம் போய்விடுமா டாக்டர்?" என்று கதிர் சிகிச்சையைப் பற்றிக் கேட்கும் நோயாளியின் மனைவிக்கு யார் பதில் சொல்வது? சிகிச்சை முடிந்த முதல் சில மாதங்களில் ஸ்கேனில் கட்டி பெரிதானதுபோலத் தெரிந்து, சில நோயாளிகளுக்கு அது தானாகவே அடங்கிவிடும். அதை நோய் முற்றியதாக நினைத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. புத்தகத்தில் இது ஒரு பத்திதான். ஒரே நோயாளியை மாஸ்க் போட்ட நாளிலிருந்து அடுத்தடுத்த ஸ்கேன்கள் வரை கூடவே இருந்து பார்த்த மாணவர் இதை மறக்க மாட்டார். போஸ்டிங் மாறினாலும், ஆளுக்கு நாலைந்து மூளைக்கட்டி நோயாளிகளைப் படிப்பு முடியும்வரை அவரவர் பொறுப்பிலேயே விட்டுவைக்கலாம். இதற்குத் தனியாக அரசாணை வேண்டியதில்லை, துறைத் தலைவர்கள் மனது வைத்தால் அடுத்த மாத டியூட்டி பட்டியல் போடும்போதே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கதிர்வீச்சு சிகிச்சைப் பேராசிரியர்,
தஞ்சாவூர்.