வீடியோ வேண்டாம், பெயர்களைப் படிப்போம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல் நெருங்கினாலே எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குழுவில் யாராவது ஒருத்தர் அந்த லுமுட் ஹெலிகாப்டர் விபத்து வீடியோவைத் தூக்கிப் போட்டுவிடுகிறார். கூடவே கைகூப்பிய படம் ஒன்று, கண்ணீர் விடும் படம் ஒன்று. இதைத்தான் அஞ்சலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2024 ஏப்ரல் 23 காலை ஒன்பதரை மணி வாக்கில் லுமுட் கடற்படைத் தளத்தில் நடந்ததை மலேசியாவில் யாரும் மறந்திருக்க முடியாது. கடற்படையின் 90-ஆம் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை. பறந்துகொண்டிருந்த இரண்டு ஹெலிகாப்டர்கள் மோதி, ஒன்று விளையாட்டரங்கின் படிகளிலும் இன்னொன்று நீச்சல் குளத்திலும் விழுந்தன. பெரியதில் ஏழு பேர், சிறியதில் மூன்று பேர், பத்துப் பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களில் ஒருவர் நம் தமிழ்ப் பிள்ளை, இளம் லெப்டினன்ட். பெயர் உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். வீட்டாரைக் கேட்காமல் நான் இங்கே எழுத மனம் வரவில்லை.

அன்று காலை நான் பட்டர்வொர்த்தில் லோரிக்கு டயர் மாற்றக் காத்திருந்தேன். பட்டறைப் பையன் கைப்பேசியை நீட்டினான். இறக்கை தட்டுகிற இடம் வந்ததும் விரலால் பின்னுக்கு இழுத்து, மறுபடி, மறுபடி, மூன்று தடவை போட்டான். மூன்று தடவையும் நானும் குனிந்து பார்த்தேன், மறைப்பானேன். அப்புறம் மத்தியானம் பெயர்கள் வந்தன. அதில் ஒரு பெயரைப் படித்ததும்தான் எனக்கு உறைத்தது, நாம் பார்த்தது ஒரு வீட்டுப் பிள்ளையின் கடைசி நொடியை என்று. நம் பெயர் என்றதும்தான் உறைத்ததா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

பினாங்குக்காரர்களுக்கு இதில் வழிகாட்ட ஆள் இருக்கிறது, அதுவும் பக்கத்திலேயே. வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் ரஷ்ய மாலுமிகளின் நினைவுக் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? 1914 அக்டோபர் 28 விடியற்காலையில், நாலாவது புகைபோக்கி ஒன்றைப் பொய்யாக நட்டுக்கொண்டு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி நம் துறைமுகத்துக்குள் வந்த ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், நங்கூரமிட்டிருந்த ஜெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்துவிட்டுப் போனது. ஆமாம், ஒரு மாதத்துக்கு முன்னால் சென்னையில் குண்டு போட்ட அதே எம்டன்தான், அதை வைத்துத்தான் இன்றைக்கும் பொல்லாத ஆளை 'சரியான எம்டன்' என்கிறோம். செத்த மாலுமிகள் எண்பதுக்கும் மேல். அந்த ரஷ்யக் கப்பலின் தலைவரோ அன்றிரவு கரையில் இருந்தார்! நூறு வருஷம் கடந்தும் ரஷ்யத் தூதரகத்திலிருந்து ஆட்கள் வந்து அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். எங்கேயோ கிடக்கிற ஒரு தீவில் தங்கள் பிள்ளைகளைத் தேடி வருகிறார்கள். போன வருஷம் நான் போனபோது கல்லின் அடியில் பாசி பிடித்திருந்தது, மழைக்காலம், ஆனால் அதன்மேல் காய்ந்துபோன பூக்கள் இருந்தன.

லுமுட்டில் கடற்படை தன் முறைப்படி செய்வதை நான் குறை சொல்ல வரவில்லை. நான் கேட்பது நம் பக்கம். ஏப்ரல் 23 அன்று தமிழ்ப்பள்ளிக் காலைக் கூட்டத்தில் ஒரு நிமிஷம் போதும். 'அந்தப் படையெல்லாம் நமக்கு எதுக்குடா, எஞ்சினியருக்குப் படி' என்று பிள்ளைகளிடம் சொல்கிற வீடுதான் என் வீடும். சொல்லட்டும், ஆனால் அந்தச் சீருடையைத் தேடிப் போட்டுக்கொண்ட ஒருவர் நம்மில் இருந்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா?

படித்தால் பத்துப் பெயரையும் படிக்க வேண்டும். நம் பிள்ளையை மட்டும் பிரித்தெடுத்து மாலை போட்டால், கூடவே பறந்து கூடவே போன ஒன்பது பேரை விட்டுவிட்டதாகிவிடும், அதை அவரே ஏற்கமாட்டார் என்று நினைக்கிறேன். வீட்டாரிடமும் முதலில் கேட்டுவிட வேண்டும். சிலருக்கு அந்த நாளில் ஒன்றுமே வேண்டாம் என்றிருக்கும்.

அந்த வீடியோ உங்கள் கைக்கு வந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள், அனுப்பியவர் மாமனாராகவே இருந்தாலும் சரி.

வரும் ஏப்ரல் 23 காலை ஒன்பதரைக்கு நானும் இரண்டு நண்பர்களும் எஸ்பிளனேட் கடற்கரையில், போர் நினைவுத் தூண் பக்கம் நிற்போம். பூ நாங்கள் கொண்டுவருகிறோம். வருகிறவர்கள் கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு லோரி ஓட்டுநர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு