துக்கத்துக்கு மூன்று நாள் கணக்கு: துறைத் தலைவர்களுக்கும் தேர்வுப் பிரிவினருக்கும் வார்டன்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். நெருங்கியவரை இழந்த மாணவருக்கு மூன்று நாள் விடுப்பு தந்து கணக்கை முடித்துவிடும் வழக்கத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

அம்மா இறந்த நான்காம் நாளே ஆய்வகத்துக்கு வந்து, பியூரெட் அளவைப் பிசகாமல் குறித்துக்கொள்கிறாள் ஒரு மாணவி. ‘கல்நெஞ்சுக்காரி’ என்றோ ‘தேறிவிட்டாள்’ என்றோ முடிவு கட்டிவிடாதீர்கள். சிலருக்குத் துக்கம் அழுகையாக வரும், சிலருக்கு வேலையாக வரும். பலரிடம் இரண்டும் கலந்திருக்கும்.

துக்கம் மறுப்பு, கோபம் என்று தொடங்கி ஐந்து கட்டங்களாக நகரும் என்பார்களே, அந்தக் கட்டங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் அவற்றை எழுதியது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைப் பற்றி. 1999இல் துக்கத்தை ஆராய்ந்த ஸ்ட்ரோபும் ஷுட்டும் முன்வைத்த விளக்கம் மாணவர்களுக்கு இன்னும் பொருந்தும்: மனம் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் இடையே போய்வந்துகொண்டே இருக்கும். மதியம் கேன்டீனில் சிரித்தவர், மாலையில் வினாத்தாளின் ஒரே வரியை நான்கு முறை படிப்பார். இரண்டுமே நடிப்பில்லை.

சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுப்பு சடங்குகளுக்கு வேண்டுமானால் போதும். தூக்கமும் கவனமும் குலைவது அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் நீளலாம். ஆகவே அந்தப் பருவம் முடியும்வரை விடுப்பைப் பிரித்துப் பிரித்து எடுக்க விடுங்கள். ஆறு ஆசிரியர்களிடம் ஆறு தடவை சாவுச் செய்தி சொல்ல வைக்காமல், ஒருவரே கேட்டு மற்றவர்களுக்குத் தெரிவிக்கட்டும். ஒத்திவைத்த தேர்வுகளை எல்லாம் ஒரே வாரத்தில் குவித்தால், செய்த உதவியே தண்டனையாகிவிடும். வாரத்துக்கு ஒன்று போதும். தேதியை மாணவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

விடுப்புப் படிவத்தில் ‘உறவுமுறை’ என்றொரு கட்டம் இருக்கிறதே, அதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். அறைத்தோழனையோ காதலியையோ பறிகொடுத்தவர் அதில் என்ன எழுதுவார்? ஊரறிய அழ முடியாத இத்தகைய துக்கத்துக்கு 1989இலேயே துக்க ஆய்வாளர் கென்னத் டோகா ‘அங்கீகரிக்கப்படாத துக்கம்’ என்று பெயர் கொடுத்துவிட்டார், படிவம்தான் இன்னும் மாறவில்லை. உறவைக் கேட்காமல் இழப்பை மட்டும் கேளுங்கள். இறப்புச் சான்றிதழ் கைக்கு வரத் தாமதமாகும், பிறகு தரட்டும்.

எல்லோரையும் ஆலோசகரிடம் அனுப்ப வேண்டியதில்லை. பெரும்பாலோர் சுற்றியிருப்பவர்களின் துணையோடு மீள்கிறார்கள். துக்கம் தணியாமல் அன்றாடத்தையே முடக்கும் ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று சொல்லவே, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11படி குறைந்தது 6 மாதம் ஆகவேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடாக 2022இல் வந்த டிஎஸ்எம்-5-டிஆர்படி பெரியவர்களுக்கு 12 மாதம். ஆனால் ‘நானும் போய்விடுகிறேன்’ என்கிற பேச்சு காதில் விழுந்தால் எந்தக் கணக்கும் பார்க்காதீர்கள். அன்றைக்கே, தனியாக விடாமல், கூடவே ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

இப்படிக்கு,
மாணவர் மனநல ஆலோசகர்கள்