முதலாம் தவணை நிறைவும் மாணவர் பாராளுமன்றத் தெரிவும்: அதிபர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

முதலாம் தவணை நல்லபடியாக முடிகிறது. இல்ல விளையாட்டுப் போட்டி சிறப்பாக நடந்தது. வலய மட்டத்திலும் நம் பிள்ளைகள் திறமை காட்டினார்கள். தவணை அறிக்கைகள் அடுத்த வாரம் கைக்கு வரும். எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், மாணவர் பாராளுமன்றத் தேர்தலைப் பற்றி உங்களோடு மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

வாக்குப் பெட்டியைத் திறந்தபோது சீட்டுகளுக்கு நடுவே டொபித் தாள்களும் கிடந்தன. ஒரு தாளின் உட்புறத்தில் போட்டியாளர் ஒருவரின் இலக்கம் பேனையால் எழுதப்பட்டிருந்தது. சிறு பிள்ளையின் எழுத்தல்ல அது. அதற்கு முந்திய வாரம், "நம்மட ஊர்ப் பிள்ளைக்குப் போடச் சொல்லுங்க" என்று வட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை என்ற ஊர்ப் பேச்சு வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது.

தன் பிள்ளை பொறுப்புக்கு வரவேண்டும் என்று ஆசைப்படாத பெற்றோர் யார்? எனக்கும் அந்த ஆசை இருந்ததுண்டு. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என் அறை வாசலில் வந்து நின்று, "எங்களால டொபி குடுக்க ஏலா சேர், என்ட பேர வெட்டி விடுங்க" என்று சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. வகுப்பில் சண்டை வந்தால் மற்றப் பிள்ளைகள் தேடிப் போவது அவளைத்தான்.

அதனால் ஆசிரியர்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் கூடிப் பேசி, அந்தத் தேர்தலை இரத்துச் செய்திருக்கிறோம். இரண்டாம் தவணையில் குடவோலை முறையில் தெரிவு நடக்கும். யாரும் போட்டியிட வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வகுப்பில் தான் நம்பும் மூவரின் பெயரை இரகசியமாக எழுதிக் கொடுக்கும். வகுப்பில் கால்வாசிப் பேராவது எழுதிய பெயர்கள் மட்டும் குடத்துக்குள் போகும். காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சீட்டு எடுக்கும்.

"சீட்டு விழுந்தவரெல்லாம் தலைவரா சேர்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் இதற்குப் பதில் இருக்கிறது. அங்கும் தகுதி பார்த்த பிறகுதான் ஓலை குடத்துக்குள் போனது. அதை எடுத்தது ஒரு சிறுவன். முந்திய மூன்று ஆண்டுகளில் பொறுப்பில் இருந்தவருக்கும், கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. காணியில்லாதவரையும் அந்த விதி ஒதுக்கியது. அதை நாம் எடுக்கப்போவதில்லை. பண்டைய ஏதென்ஸ் நகரத்தில் 500 பேர் கொண்ட சபையை ஆண்டுதோறும் சீட்டுப் போட்டே தெரிந்தெடுத்தார்கள். தளபதிகள் போன்ற சிலரை மட்டும் வாக்கெடுத்துத் தெரிந்தெடுத்தார்கள். நாமும் விளையாட்டுப் பொறுப்பையும் கணக்குப் பொறுப்பையும் வாக்குக்கே விடுகிறோம். அயர்லாந்தில் 2016இல் சீட்டுப் போடுவது போல எழுந்தமானமாகத் தெரிந்தெடுத்த 99 பொதுமக்கள் கூடி ஆராய்ந்து பரிந்துரைத்த விடயம், 2018இல் நாடு முழுவதும் வாக்கெடுப்புக்குப் போனது. நம் நாட்டிலும் 2024 ஜனாதிபதித் தேர்தலில்தானே முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணினார்கள்? தெரிவு முறைகள் மாறக்கூடியவை என்பதைப் பிள்ளைகள் இங்கேயே பழகட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இனி எந்தப் பெற்றோராவது பொருளோ பணமோ கொடுத்தது உறுதியானால், அவருடைய பிள்ளையின் பெயர் குடத்துக்குள் போகாது. யார் வந்து பேசினாலும் இது மாறாது. பிள்ளைக்கு இது வலிக்கும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இதை எழுதும்போதும் உங்களில் பெரும்பாலானோரின் முகம்தான் நினைவுக்கு வருகிறது. வெள்ளத்துக்குப் பிறகு வகுப்பறைகளைக் கழுவித் தந்தவர்கள் நீங்கள். முறை வைத்து வந்து காலை உணவு சமைக்கும் தாய்மாருக்கும், மாலையில் மைதானத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த தந்தையருக்கும் என் மனமார்ந்த நன்றி. பாடசாலை தொடங்கும் முதல் வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம் இருக்கிறது. குடத்தை அங்கே கொண்டுவந்து காட்டுவோம், சந்தேகங்களை அங்கே கேளுங்கள்.

அன்புடன்,
அதிபர்