வாயிலிலேயே ஏன் இந்த நெரிசல்?

ஆசிரியருக்கு,

விமானம் ஏறும் வாயிலில் பயணிகளைக் குழு குழுவாகத்தான் அழைக்கிறார்கள்; ஆனால் முதல் குழுவை அழைத்ததுமே ஐந்தாம் குழுக்காரர்களும் எழுந்து வந்து வழியை அடைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; கடைசியில் போனால் தலைக்கு மேல் பெட்டி வைக்க இடமிருக்காது. முழங்கால் வலியுள்ள என் மனைவிக்கு முன்னுரிமை உண்டு என்றார்கள். சரி, அந்த வரிசையை எட்டுவதற்கே கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக வேண்டியிருந்தது. அப்புறம் விமானத்துக்குப் போகும் இணைப்புப் பாலத்தில் இன்னொரு காத்திருப்பு. விமானக் கதவு தயாராகாதபோது போர்டிங் பாஸை ஏன் ஸ்கேன் செய்ய வேண்டும்?

ஜன்னலோரக்காரர்களை முதலில், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக ஏற்றினால் நேரம் மிச்சம் என்று வானியற்பியலாளர் ஜேசன் ஸ்டெஃபன் 2008இலேயே கணக்கிட்டுக் காட்டினார். அவ்வளவு நுணுக்கம்கூட வேண்டாம். சரக்கறையில் போடும் முதல் பெட்டிக்குக் கட்டணம் வாங்குவதை விமான நிறுவனங்கள் நிறுத்தட்டும். பாதிப் பேர் தாமாகவே உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்